கடற்கரையிலிருந்து ரயில் மேடை வரை: மவுண்ட் ரோடு கடைகள் வாடிக்கையாளரைத் தேடிய விதம்

கோட்டையையும் பரங்கிமலைப் படைமுகாமையும் இணைத்த மவுண்ட் ரோட்டில் (இன்றைய அண்ணா சாலை), பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடை, பி. ஆர் அண்ட் சன்ஸ் கடிகார நகைக்கடை, சிம்சன் வண்டிப் பட்டறை, ஸ்பென்சர் பல்பொருள் அங்காடி, கன்னிமாரா ஓட்டல் என்று பெரிய நிறுவனங்கள் வரிசையாக எழுந்துவிட்டன. இவற்றின் செங்கல் முகப்புகளையும் கோபுரங்களையும் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் கணக்குப் பார்க்கிற எவருக்கும் முதலில் எழ வேண்டிய கேள்வி வேறு. 1901 கணக்கெடுப்பில் சென்னை நகரின் மக்கள்தொகை ஐந்து லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்தது. அதில் இந்தக் கடைகள் குறிவைத்த ஐரோப்பியர் சில ஆயிரம் பேர்தான். அந்தச் சில ஆயிரம் பேரிலும் பலர் இரண்டு மூன்று ஆண்டுகளில் மாற்றலாகிப் போய்விடுவார்கள். அப்படியிருக்க, எண்பதுக்கும் மேற்பட்ட பிரிவுகளைக் கொண்ட ஒரு அங்காடி அங்கே எப்படிப் பிழைத்தது?

இந்த ஆய்வு வந்து சேரும் முடிவை முன்பே சொல்லிவிடலாம். மவுண்ட் ரோடு கடைகள் சாலையில் நடந்து போனவரை நம்பிப் பிழைக்கவில்லை. வடக்கே கஞ்சாம் முதல் தெற்கே திருநெல்வேலி வரையிலும், மேற்கே மலபார் கரையிலும் பரந்து கிடந்த மாகாணத்தில் ஆங்காங்கே சிதறியிருந்த கலெக்டர், படை அதிகாரி, தோட்ட முதலாளி, ஜமீன்தார் ஆகியோரே அவற்றின் உண்மையான வாடிக்கையாளர்கள். அவர்களைத் தேடிக் கடை வெளியே போக வேண்டியிருந்தது. தபாலும் ரயிலும் அதற்கு வழி செய்தன. பிற்காலத்தில் அதே தபாலும் ரயிலும் மவுண்ட் ரோட்டை ஒதுக்கிவிட்டு வணிகம் செய்யப் பிறருக்கும் வழி திறந்துவிட்டன.

கப்பல் வரும் நாள்

துறைமுகம் இல்லாத காலத்துச் சென்னையில் வாடிக்கையாளர் தேடல் அலைகளின் ஓரத்திலேயே தொடங்கிவிட்டது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிட்டு நிற்க, பயணிகள் கயிற்றால் தைத்த மசூலா படகுகளில் நுரையைக் கடந்து கரை சேர்ந்தார்கள். நனைந்த உடையோடு மணலில் கால் வைத்த இளம் எழுத்தரையோ சிப்பாய்ப் படை அதிகாரியையோ, மொழிபெயர்ப்பாளரும் தரகருமான துபாஷிகளின் கூட்டம் சூழ்ந்துகொள்ளும். ஒவ்வொரு துபாஷியின் கையிலும் முந்தைய எஜமானர்கள் எழுதிக் கொடுத்த நற்சான்றுக் கடிதங்கள் இருக்கும். அவற்றை நீட்டித்தான் தன்னை அமர்த்திக்கொள்ளும்படி கேட்பார். கடிதத்தை எழுதியவர் கப்பலேறிப் போய்விட்டாலும் அது செல்லும். வேலையாள், பல்லக்கு, தட்டுமுட்டுச் சாமான், தேவைப்பட்டால் கடன் என்று புதியவருக்கு வேண்டிய அனைத்தையும் அந்த ஒரே ஆள் ஏற்பாடு செய்து, ஒவ்வொன்றிலும் தன் பங்கை எடுத்துக்கொள்வார். பொருளை விற்பதற்கு முன் விற்பவரின் பெயரை விற்கவேண்டும் என்ற பாடத்தை அந்தத் துபாஷிகள் நன்கு அறிந்திருந்தார்கள் என்றே சொல்லவேண்டும்.

1785இல் மெட்ராஸ் கூரியர் பத்திரிகை வெளிவரத் தொடங்கியதும் இதே வேலை அச்சுக்கு வந்தது. அக்காலத்து விளம்பரங்களில் கடையின் பெயருக்கு இணையான இடம் கப்பலின் பெயருக்கும் கிடைத்தது. இன்ன கப்பலில் வந்திறங்கிய மது, பன்றித் தொடை இறைச்சி, பாலாடைக்கட்டி, தொப்பி, காலணி என்று பட்டியல் நீளும். கப்பல் தலைவர்களே சொந்தக் கணக்கில் சரக்குக் கொண்டுவந்து விற்றதால், கடைக்காரர் பெரும்பாலும் அவர்களிடம் மொத்தமாக வாங்கிச் சில்லறைக்கு விற்பவராகவே இருந்தார். கப்பல் வந்த வாரத்தில் விலை ஒன்றாகவும், அடுத்த கப்பல் தாமதித்தால் வேறாகவும் இருக்கும். இன்னொரு புறம், மாற்றலாகிப் போகும் அதிகாரிகளின் மேசை, நாற்காலி, பீங்கான், குதிரை வண்டி எல்லாம் ஏலத்துக்கு வந்தன. ஆகவே அக்காலத்துச் சென்னையில் புதுப்பொருள் கடைக்கு மிகப் பெரிய போட்டி, ஊரை விட்டுப் போகிறவரின் வீட்டு முற்றத்தில் நடந்த ஏலம்தான்.

சீட்டும் பட்லரும்

கோட்டைக்குள்ளும் கறுப்பர் நகரத்தின் (பின்னாளைய ஜார்ஜ் டவுன்) கடலோரத் தெருக்களிலும் இருந்த ஐரோப்பியர் கடைகள் மவுண்ட் ரோட்டுக்கு நகர்ந்ததற்குக் காரணம் எளிது: வாங்குகிறவர்கள் அங்கே குடியேறிவிட்டார்கள். நுங்கம்பாக்கம், தேனாம்பேட்டை, எழும்பூர், அடையாறு என்று தோட்ட வீடுகள் பரவியபின், அந்த வீடுகளிலிருந்து கோட்டைக்குப் போகும் வழியில் கடை இருப்பதே புத்திசாலித்தனம். குதிரை வண்டி உள்ளே நுழைந்து, மழை படாத முகப்பு மண்டபத்தின் கீழ் நின்று, ஆளை இறக்கிவிட்டுத் திரும்பிப் போகும் அளவுக்கு விசாலமான மனை நகரத்துக்குள் கிடைப்பதும் அரிது.

ஆயினும் வாங்குகிறவர் நேரில் வருவது அன்றாட வழக்கமல்ல. அன்றாடத் தேவைகளுக்குப் பட்லர்தான் வருவார், கையில் துரை கையெழுத்திட்ட சீட்டோடு. கடைக்காரர் சரக்கைக் கொடுத்துச் சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, மாத இறுதியில் அனைத்தையும் சேர்த்துக் கணக்கு அனுப்புவார். பணம் எப்போது வரும் என்பது துரையின் நாணயத்தையும் சம்பள நாளையும் பொறுத்தது. இந்த ஏற்பாட்டில் கடைக்கு இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள்: கையெழுத்திடுகிறவர் ஒருவர், எந்தக் கடைக்குப் போவது என்று பல நேரங்களில் முடிவு செய்கிறவர் மற்றொருவர். வீட்டு வேலையாட்கள் கடைகளில் தமக்கென ஒரு கமிஷன் வைத்துக்கொள்வது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். துரைசாணிகள் அதைப் பற்றி முணுமுணுத்தார்களே தவிர ஒழித்தவர் எவருமில்லை. கடனில் மூழ்கிய இளம் அதிகாரி திடீரென்று காய்ச்சலில் இறந்தாலோ தாய்நாடு திரும்பினாலோ, சீட்டுக் கட்டு வெறும் காகிதமாகிவிடும். அந்த இழப்பையும் சேர்த்துத்தான் விலை வைக்கப்பட்டது. மவுண்ட் ரோட்டு விலைகள் அதிகம் என்று அக்காலத்தவர் புலம்பியதில் வியப்பில்லை.

நேரத்தைக் கொடுத்த கடை

சிதறிக் கிடந்த வாடிக்கையாளரிடம் தன் பெயரைக் கொண்டு சேர்த்ததில் மிகக் கெட்டிக்காரத்தனமான கடை எது என்று கேட்டால் பி. ஆர் அண்ட் சன்ஸை நான் சொல்வேன். 1843இல் சென்னைக்கு வந்த கடிகாரக் கலைஞர் பீட்டர் ஆர், ஜார்ஜ் கார்டன் என்பவரின் கடையில் சேர்ந்து, பின்பு அதைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். 1870களில் அந்நிறுவனத்துக்கு மவுண்ட் ரோட்டில் கட்டடம் வடிவமைத்துக் கொடுத்தவர், பல்கலைக்கழகத்தின் செனட் மாளிகையை வடிவமைத்த ராபர்ட் சிஷோம். கடை முகப்பின் கோபுரக் கடிகாரம் நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தின் நேரத்தோடு ஒத்து ஓடியது. இது வெறும் அலங்காரமல்ல. இந்தியத் திட்ட நேரம் 1906இல் நடைமுறைக்கு வரும்வரை நாட்டின் ரயில்கள் மதராஸ் நேரத்தைப் பின்பற்றியே ஓடின. அந்த நேரத்தைக் கணித்துக் கொடுத்ததும் அதே வானாய்வகம்தான். எனவே சாலையில் போகிறவர் தன் பைக்கடிகாரத்தைச் சரிசெய்ய நிமிர்ந்து பார்த்த இடம் கடிகாரம் விற்கும் கடையாகவே அமைந்துவிட்டது. காசு கேட்காமல் நேரத்தைக் கொடுத்தார்கள். நேரம் தவறும் கடிகாரத்தோடு நிற்பவர் அடுத்து எங்கே நுழைவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதே கடை கையாண்ட இன்னொரு உத்தி வெள்ளி வேலை. தேநீர்க் கிண்ணம், பால் குவளை, தட்டு முதலிய ஆங்கிலேய வடிவங்களின் மேல், கோயில் தூண்களில் காண்பதைப் போன்ற தெய்வ உருவங்களை மாடங்களுக்குள் புடைத்து எழச் செய்த பாத்திரங்கள் ‘சுவாமி வேலை’ என்று பெயர் பெற்றன. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் சென்னைக்கு வந்தார். அப்பயணத்தின்போது பரோடா மன்னர் அவருக்கு அளித்த சுவாமி வேலைத் தேநீர்ப் பாத்திரத் தொகுதி ஆர் கடையில் செய்யப்பட்டது. அரச குடும்பத்துக்குப் பொருள் அளிக்கும் நிறுவனம் என்று போட்டுக்கொள்ளும் உரிமை ஒரு கடைக்குக் கிடைத்துவிட்டால், பெல்லாரியில் இருக்கும் துணை கலெக்டரின் மனைவிக்கும் அதே கடையில் ஒரு பால் குவளையாவது வாங்கவேண்டும் என்று தோன்றும். பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஆர் என்ற முத்திரை இருக்கும். அனுமனின் வாலையும் ரிஷபத்தின் திமிலையும் தட்டித் தட்டி எழுப்பிய கம்மாளரின் பெயர் அதில் இருக்காது. அவர்களுக்குத் தனிக்கடை வைக்கத் திறமை இல்லாமல் போகவில்லை. ஆங்கிலேய வாடிக்கையாளர் நம்பும் முத்திரைதான் அவர்களிடம் இல்லை. கடைக்காரர் விற்ற பொருள்களில் விலை மிகுந்தது அந்த முத்திரை என்பது என் கணிப்பு. நிறுவனம் ரங்கூனிலும் கிளை திறந்ததற்கும், நில அளவைக் கருவிகளையும் வெப்பமானிகளையும் அதே பெயரில் விற்க முடிந்ததற்கும் அதுவே துணை நின்றது.

ஹிக்கின்பாதம்ஸின் பாதையும் ஏறத்தாழ இதுவே. வெஸ்லியன் சபையின் புத்தகக் கடையில் பணியாற்றிய ஏபெல் ஜோஷுவா ஹிக்கின்பாதம் 1844இல் அக்கடையை வாங்கித் தன் பெயரில் நடத்தத் தொடங்கினார். வேல்ஸ் இளவரசரின் வருகை அவருக்கும் அரச விருதுப் பெயரைக் கொடுத்தது. பின்னர் அவர் சென்னையின் ஷெரீப்பாகவும் இருந்தார். வந்த புத்தகத்தை விற்றதோடு நில்லாமல், வாங்குகிறவருக்கு இந்த நாட்டில் என்ன தெரியவேண்டியிருக்கிறது என்று பார்த்துத் தாமே பதிப்பித்ததுதான் அவருடைய தனித்திறமை. சென்னைவாழ் ஐரோப்பியக் குடும்பங்களுக்கான சமையல் நூல் ஒன்றை 1878இல் அவர் நிறுவனம் வெளியிட்டது. அப்படிப்பட்ட நூலைப் படித்துவிட்டு விருந்து வைக்க நினைத்த துரைசாணி, டப்பாப் பொருள்களுக்காக அதே சாலையில் இன்னொரு கடைக்குச் சீட்டு அனுப்பியிருப்பார் என்று எண்ணுவதில் தவறில்லை.

தபால்காரர் வசூலித்த பணம்

சீட்டுக் கணக்கு சென்னைக்குள் மட்டுமே செல்லும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்திலோ வயநாட்டிலோ இருக்கும் ஒருவருக்குக் கடன் கொடுத்துவிட்டு வசூலிக்கப் போகமுடியாது. இந்த முடிச்சை அவிழ்த்தது 1877இல் இந்தியத் தபால் துறை கொண்டுவந்த வி.பி.பி. (வேல்யூ பேயபிள் போஸ்ட்) முறை. கடைக்காரர் பொதியைத் தபாலில் சேர்ப்பார். தபால்காரர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பொருளின் விலையை வசூலிப்பார். பணம் கடைக்கு வந்துசேரும். பணம் கொடுக்காதவருக்குப் பொதி இல்லை.

இந்த ஏற்பாடு விற்கிறவரைத்தான் காத்தது. வாங்குகிறவர் பணத்தைக் கொடுத்த பிறகே பொதியைப் பிரிக்கமுடியும். உள்ளே கிடப்பது கல்லா கடிகாரமா என்று அப்போதுதான் தெரியும். ஆகவே முகம் தெரியாத வணிகத்தில் கடையின் பெயருக்கு இருந்த மதிப்பு முன்னைவிடக் கூடியது. மவுண்ட் ரோட்டின் பெரிய கட்டடங்களை இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் வேறொரு பொருள் கிடைக்கிறது. பல மைல் தொலைவில் இருந்தவர், சென்னைக்கு எப்போதோ வந்தபோது பார்த்த கோபுரத்தையும் கண்ணாடி அலமாரிகளையும் நினைவில் வைத்துக்கொண்டு, விலைப்பட்டியலைப் பார்த்து எழுதினார். இவ்வளவு பெரிய மாளிகையைக் கட்டியவன் முப்பது ரூபாய்க்காக ஓடிப்போக மாட்டான் என்ற நம்பிக்கையைக் கட்டடம் கொடுத்தது.

ஸ்பென்சர்: வாடிக்கையாளரோடு பயணம் செய்த கடை

சார்லஸ் டூரன்ட், ஜே. டபிள்யூ. ஸ்பென்சர் ஆகியோர் 1860களில் தொடங்கிய சிறிய கடை, யூஜின் ஓக்ஷாட் என்பவரின் கைக்கு 1882இல் முழுமையாக வந்தபின்தான் வேறு உருவம் பெற்றது. 1890களின் நடுவில் டபிள்யூ. என். போக்சன் வடிவமைத்த செந்நிறக் கட்டடத்துக்கு நிறுவனம் குடிபெயர்ந்தது. 1897இல் அது பொதுப் பங்கு நிறுவனமானது. இவையெல்லாம் தெரிந்த செய்திகள். இந்த ஆய்வுக்கு முக்கியமானது அந்தக் கட்டடத்துக்கு வெளியே ஓக்ஷாட்டும் அவருக்குப் பின் வந்தவர்களும் செய்தது.

கடைக்கு அருகே இருந்த ஓட்டல் ஒன்று இம்பீரியல், ஆல்பனி என்று பெயர்களும் முதலியார் குத்தகைதாரர்களும் மாறி மாறி வந்து, ஆளுநர் பெயரால் கன்னிமாரா ஆகியிருந்தது. 1891இல் ஓக்ஷாட் அதை வாங்கினார். மாவட்டத்திலிருந்து சென்னைக்கு வரும் தோட்ட முதலாளியோ கலெக்டரோ தங்குவது அங்கே. மாலையில் நடந்து போய்ச் சாமான் வாங்குவது பக்கத்து மனையில். ஓட்டல் லாபம் தராவிட்டாலும் கடைக்கு ஆள் கொண்டுவந்து விடும். ஓட்டல் நடத்துகிறவர் கடையையும் கடை நடத்துகிறவர் ஓட்டலையும் சேர்த்து யோசிப்பது இன்று சாதாரணம். அன்றைய சென்னையில் அதை இவ்வளவு பெரிய அளவில் செய்து காட்டியவர் வேறு எவரும் இல்லை.

அடுத்தது ரயில். சென்னையின் முதல் பயணிகள் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து ஓடத் தொடங்கியது. நாற்பது ஐம்பது ஆண்டுகளில் மாகாணம் முழுதும் தண்டவாளம் பரவியபோது, தென்னிந்திய ரயில்வேயின் நிலையங்களில் ஐரோப்பிய உணவு அறைகளை நடத்தும் உரிமை ஸ்பென்சருக்கு வந்தது. ஒரு சந்திப்பில் வண்டி நிற்கும் நேரத்தில் வெள்ளை விரிப்பு போட்ட மேசையில் சூப்பும் ரொட்டியும் பரிமாறப்படுவதைக் கடையின் விளம்பரம் என்று அக்காலத்தவர் அழைக்கவில்லை. ஆனால் சென்னைக்கு ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே வரும் வாடிக்கையாளர், ஸ்பென்சர் என்ற பெயரை மாதத்துக்கு இரண்டு முறை ரயில் நிலையத்தில் சாப்பிட்டுவிட்டுப் போனார். மேசையில் கிடைத்த சோடாவும் சாப்பாட்டுக்குப் பின் பற்றவைத்த சுருட்டும்கூட அதே நிறுவனத்துடையதாக இருக்கலாம். திண்டுக்கல்லில் ஸ்பென்சருக்குச் சொந்தச் சுருட்டுத் தொழிற்சாலை இருந்தது. ஹிக்கின்பாதம்ஸும் நிலைய மேடைகளில் புத்தகக் கடை வைத்து இதே பயணியைப் பிடித்தது.

கோடைக்காலத்தில் அரசு அலுவலகங்களே உதகமண்டலத்துக்கு ஏறிவிடும். ஆளுநர் போனால் செயலாளர்கள் போவார்கள், செயலாளர்கள் போனால் குடும்பங்கள் போகும், மவுண்ட் ரோடு வெறிச்சோடும். ஸ்பென்சரும் ஹிக்கின்பாதம்ஸும் ஊட்டியில் கிளை வைத்தது இதற்காகத்தான். வாடிக்கையாளர் மலையேறினால் கடையும் மலையேறியது.

வானத்தில் ஒரு விளம்பரம்

இத்தனை பலம் இல்லாத தனி மனிதர் ஒருவர் என்ன செய்யமுடியும் என்பதற்கு ஜியாகோமோ டி ஆஞ்செலிஸ் நல்ல உதாரணம். இனிப்புப் பண்டமும் விருந்துணவும் செய்து கொடுத்து, ஆளுநர் மாளிகை வரை பெயர் பெற்ற இவர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மவுண்ட் ரோட்டில் தன் பெயரிலேயே ஓட்டல் திறந்தார். மின்தூக்கி, மின்விசிறி என்று சென்னை அதுவரை ஓட்டல்களில் காணாத வசதிகளை வைத்தார். 1910இல் இன்னும் ஒரு படி மேலே போய், சிம்சன் பட்டறையின் உதவியோடு தானே ஒரு விமானத்தைக் கட்டிப் பல்லாவரத்தில் பறக்கவிட்டு, பின்பு கட்டணம் வாங்கிப் பொதுமக்களுக்கும் பறந்து காட்டினார். அலகாபாத்தில் 1911 பிப்ரவரியில் நடந்த புகழ்பெற்ற விமானத் தபால் பயணத்துக்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பே இது நடந்துவிட்டது. பறக்கும் ஆசைதான் அவரை உந்தியது. ஓட்டலுக்கு ஆள் சேர்ப்பது மட்டுமே நோக்கம் என்று சொல்வது அநியாயம். எனினும் ஊரெல்லாம் பேசும் பெயர் ஓட்டல் வாசலில் இருப்பது எந்த முதலாளிக்கும் கசக்காது.

தேடப்படாதவர்கள்

ஐந்து லட்சம் பேரில் மிச்சமிருந்தவர்களை இந்தக் கடைகள் தேடவே இல்லை என்று சொல்லமுடியாது. ஜமீன்தார்களும் சமஸ்தானத்தாரும் வக்கீல்களும் வரவேற்கப்பட்டார்கள். கையில் ரொக்கத்தோடு வந்ததால், சீட்டு எழுதிய துரைமார்களைவிட ஒரு வகையில் நல்ல வாடிக்கையாளர்களாகவும் இருந்தார்கள். 1906 அக்டோபரில் அர்பத்னாட் வங்கி முறிந்து பல குடும்பங்களின் சேமிப்பு கரைந்தபோது, கடன் வாணிபத்தை மட்டும் நம்புவது எவ்வளவு ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் குமாஸ்தாவையும் ஆசிரியரையும் மாணவரையும் குறிவைத்து மவுண்ட் ரோட்டின் பெரிய கடைகள் எதையும் செய்ததாகத் தெரியவில்லை. ரயில் நிலையங்களில் அது கண்ணுக்கே தெரிந்தது: ஐரோப்பியருக்கு ஸ்பென்சரின் மேசை, இந்தியருக்குத் தனிச் சாப்பாட்டுக் கூடம், அதற்குள்ளும் பிராமணருக்கு ஒரு பகுதி, மற்றவருக்கு ஒரு பகுதி. பெரியார் உள்ளிட்டோரின் எதிர்ப்புக்குப் பின் 1941இல்தான் இந்தச் சாதிப் பிரிவினை ரயில் நிலைய உணவகங்களிலிருந்து நீக்கப்பட்டது.

விட்டுவைக்கப்பட்ட அந்தக் கூட்டத்தைப் பிடித்தவர்கள் மவுண்ட் ரோட்டுக்காரர்களின் கருவிகளையே எடுத்துக்கொண்டார்கள். 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கிய காசிநாதுனி நாகேசுவர ராவ், தலைவலித் தைலத்தைச் சங்கீதக் கூட்டங்களில் இலவசமாகக் கொடுத்துப் பழக்கினார்; வெகுநேரம் உட்கார்ந்து கேட்கும் கூட்டத்தைவிடத் தலைவலித் தைலத்துக்குப் பொருத்தமான இடம் கிடையாது. எஸ். எஸ். வாசன் விளம்பர முகவராகவும் தபால் வழி விற்பனையாளராகவும் இருந்தவர். விளம்பரம் போட்டுவந்த ஆனந்த விகடன் நொடித்தபோது 1928இல் அதையே வாங்கிவிட்டார். தமிழ்ப் பத்திரிகையின் பின் அட்டையிலிருந்து கும்பகோணத்து வாசகர் கேட்ட பொருள் வி.பி.பி.யில் போய்ச் சேர, மாளிகையும் கோபுரமும் தேவைப்படவில்லை. வாராவாரம் வீட்டுக்கு வரும் பத்திரிகை அந்த நம்பிக்கையைக் கொடுத்தது.

சாலையில் நடந்து போகிறவரையும் ஒருவர் கடைசியில் கவனித்தார். உடுப்பியிலிருந்து வந்த கே. கிருஷ்ண ராவ் 1920களின் பிற்பகுதியில் மவுண்ட் ரோட்டிலேயே உடுப்பி ஸ்ரீகிருஷ்ண விலாஸைத் திறந்தார். டிராமிலிருந்து இறங்கும் குமாஸ்தா, பகல் காட்சிக்குச் சினிமாக் கொட்டகைக்கு வந்த மாணவர், மாவட்டத்திலிருந்து வழக்குக்காக வந்த கட்சிக்காரர் எல்லோரும் ஓரிரு அணாவில் இட்லியும் காப்பியும் சாப்பிட்டுப் போகக்கூடிய இடமாக அது இருந்தது. சீட்டு கிடையாது, கடன் கிடையாது, சாப்பிட்டவுடன் காசு. பத்தாண்டுக்குப் பின், 1938இல் அவர் ராயப்பேட்டையில் ராமநாதபுரம் அரசருக்குச் சொந்தமான பங்களாவைக் குத்தகைக்கு எடுத்து, உட்லண்ட்ஸ் என்ற பெயரில் தங்கும் விடுதியும் தொடங்கினார். கன்னிமாராவில் இடம் தேடாத, தேடினாலும் அங்கே தம் சாப்பாடு கிடைக்காத ஜமீன்தாரும் வக்கீலும் சங்கீத வித்துவானும் அங்கே வந்து இறங்கினார்கள்.